பின் ஆக்சிலில் இடது பக்கம் மட்டும் ஆயில் லீக்: சீல் மாற்றினாலும் சில வாரத்தில் திரும்ப வருகிறது

குடியாத்தம்_பிக்அப்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது பின்னால் லீஃப் ஸ்பிரிங், டிரம் பிரேக் உள்ள பிக்அப். வி.கோட்டாவில் இரவு தக்காளி ஏற்றி, பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கி, பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக விடிவதற்குள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். குடும்பத்துக்கு வருமானம் இந்த ஒரு வண்டியில்தான்.

பின் இடது சக்கரத்தில் ஆயில் கசிகிறது. டிரம்முக்குள் இறங்கி, டிரம்மின் உள்பக்கத்தை மூடியிருக்கிற பேக் பிளேட்டின் கீழ் விளிம்பில் வழிந்து, டயரின் உள்பக்கம் கோடு கோடாக அடித்திருக்கிறது. அதன் மேல் புழுதி ஒட்டிக் கருப்புச் சேறாக நிற்கிறது. ஆயில் வெளியே வராமல் ஆக்சில் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடிக்கிற ரப்பர் வளையம்தான் சீல், அதை மாற்றினால் சில வாரம் காய்ந்து கிடக்கும். அப்புறம் பழையபடி. "சீல் டூப்ளிகேட்" என்றார்கள், கம்பெனி சீலே வாங்கிப் போட்டாயிற்று. "பேரிங் போயிருக்கும்" என்றார்கள், அதையும் மாற்றியாயிற்று. வலது பக்கம் ஒரு சொட்டு இல்லை.

மலை இறங்கும்போது பிரேக் மிதித்தால் வண்டி வலது பக்கம் லேசாக இழுக்கிறது. இதுதான் பயமாக இருக்கிறது. யாருக்காவது இதே தொல்லை வந்து தீர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆரணி_டிரைவர்

முதலில் அது ஆக்சில் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகினாலும் இதே இடத்தில்தான் ஈரம் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடையும் உண்டு. ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

குடியாத்தம்_பிக்அப்

இப்போதே பார்த்தேன் அண்ணா. மிதக்கிறது. வாடையும் அதே வாடைதான். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை.

காட்பாடி_ஃபிட்டர்

தம்பி, மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் பிரேக். பிரேக் ஷூவின் மேல் இருந்து டிரம்மை உரசிப் பிடிப்பதுதான் லைனிங், அது ஆயில் குடித்திருக்கும்போது மலை இறங்காதீர்கள். வண்டி வலது பக்கம் இழுக்கிறது என்றால் இடது ஷூ பிடிக்கவில்லை என்று அர்த்தம். பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்துத் திரும்பப் போடுகிற வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. மேலே காய்ந்த மாதிரி தெரியும். இறக்கத்தில் டிரம் சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் திரும்ப மேலே வரும். அது நடக்கிற இடம் கொண்டை ஊசி வளைவாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷூவை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் இழுப்பு போகாது. ஆனால் லீக்கை நிறுத்திய பிறகு புது ஷூ போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வீண். அதுவரை லோடு குறைத்து, சமதரையில் மட்டும் ஓட்டுங்கள்.

இப்போது லீக்குக்கு வருகிறேன். ஒரே இடத்தில் சீல் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் குற்றம் சீல் மேல் இல்லை. சீலைக் கெடுக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த சீல் வாங்காதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது பிரீதர். ஆக்சிலை மூடியிருக்கிற இரும்புக் கூடான ஹவுசிங்கின் மேல் பக்கம் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். சில வண்டியில் அதிலிருந்து ஒரு ஹோஸ் மேலே போகும். ஓட ஓட உள்ளே இருக்கிற ஆயிலும் காற்றும் சூடாகும், காற்று விரியும், அது வெளியே போக இருக்கிற ஒரே வழி அதுதான். காலையில் 30 டிகிரியில் கிளம்பிய வண்டி, லோடோடு ஓடி ஹவுசிங் 90 டிகிரிக்கு வந்தால், மூடிய கூட்டில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. டயருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஷாஃப்ட்டைத் தொடுகிற சீலின் ரப்பர் உதட்டுக்கு, மணிக்கணக்கில், தினமும் என்றால் அதிகம். வேலூர் சித்திரையில் வெயில் மேலேயும் தார் ரோடு கீழேயும் கொதிக்கும்போது ஹவுசிங் ஆறவும் நேரம் கிடைக்காது.

சோதிப்பது சுலபம். ஓடி வந்து நிறுத்தியதும், கைக்குத் துணி சுற்றிக்கொண்டு பிரீதரை மெல்லத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் அடைத்திருக்கிறது. கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்.

ஆம்பூர்_தோல்லோடு

ஃபிட்டர் அண்ணா சொன்னது என் வண்டியில் அப்படியே நடந்தது. நான் ஏற்றுவது பச்சைத் தோல். உப்பு போட்டு அடுக்கிய தோலிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் விரித்தாலும் பாடியின் சந்து வழியாக அந்த உப்புத் தண்ணீர் சேசிஸ், ஆக்சில், பிரேக் பைப் எல்லாவற்றின் மேலும் சொட்டும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் ஏற்றுகிற வண்டி எதை வேண்டுமானாலும் குனிந்து பாருங்கள், அடியில் துரு பொருக்கு பொருக்காக நிற்கும். என் பிரீதர் மூடி துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. ஸ்பேனர் வைத்ததும் தலை உடைந்து கையோடு வந்தது. புதிது போட்ட பிறகு லீக் இல்லை.

தோல் ஏற்றுகிறவர்கள் லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே பாடி பளபளப்பாக இருப்பதைவிட இது முக்கியம்.

ஏலகிரி_வளைவு

எனக்கு ஒரு சந்தேகம். பிரீதர் அடைத்தால் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும்? இவருக்கு இடது பக்கம் மட்டும் ஏன்?

காட்பாடி_ஃபிட்டர்

நியாயமான கேள்வி. அழுத்தம் ஒன்றுதான், ஆனால் எந்தச் சீல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறதோ அது முதலில் விடும். அது விட்டதும் அழுத்தம் அந்த வழியாகவே போய்விடும், மற்றது தப்பிக்கும். இன்னொன்று, ரோடு நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், அதனால் வண்டி எப்போதும் ஒரு பொட்டு இடது பக்கம் சாய்ந்தே ஓடும். ஆயிலும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும். இடது லீக் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

ராணிப்பேட்டை_லேத்

சாய்வினால் ஆயில் இடது பக்கம் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல சீல், நல்ல ஷாஃப்ட், சரியான பேரிங் இருந்தால் ஆயில் அங்கே தேங்கி நின்றாலும் கசியக் கூடாது. பிரீதரைப் பாருங்கள், அதோடு நிறுத்த வேண்டாம்.

குடியாத்தம்_பிக்அப்

பிரீதரைக் கழற்றினேன். முழுசாக அடைபடவில்லை, செம்மண்ணும் கிரீஸும் சேர்ந்து பாதிக்கு மேல் மூடியிருந்தது. டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கிற குண்டு ஆடுகிற வரை விடவில்லை. அப்புறம் ஆயில் ஊற்றுகிற துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைத் திறந்தால் ஆயில் தானாக வெளியே ஊற்றியது. கடைசியாக வேலை செய்த பட்டறையில் வண்டி ஜாக்கியில் சாய்ந்து நிற்கும்போது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் போல. சமதரையில் நிறுத்தி, துளையின் கீழ் விளிம்பு மட்டத்துக்கு வடித்துவிட்டேன்.

இப்போது லீக் குறைந்திருக்கிறது. ஆனால் நிற்கவில்லை. இடது பக்கம்தான். லோடு ஏற்றாமல் காட்பாடி வரை போய் வந்தாலே பேக் பிளேட்டில் ஒரு மெல்லிய ஈரக் கோடு.

வாலாஜா_பழைய_வண்டி

80டபிள்யூ-90 ஊற்றுகிறீர்கள் என்றால் 85டபிள்யூ-140 ஊற்றிப் பாருங்கள். கெட்டி ஆயில் கசியாது. இல்லாவிட்டால் கூட ஒரு சீலை முதுகுக்கு முதுகு வைத்து அடித்துவிடலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

காட்பாடி_ஃபிட்டர்

வாலாஜா அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம், இதில் எனக்கு உடன்பாடில்லை. 140 ஆயிலும் சூடானால் இளகத்தான் செய்யும். லீக் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். வண்டிப் புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும், கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-5 என்று போட்டிருந்தால் அதுவே. இரண்டாவது சீல் இன்னும் மோசம். வெளியே இருக்கிற சீலுக்கு ஆயில் எட்டாது, காய்ந்த உதடு ஷாஃப்ட்டை அறுக்கும். ஹவுசிங்குக்குள் கிரீஸைத் திணிப்பதும், லீக்கை நிறுத்துகிற மருந்து என்று டப்பாவில் வருவதை ஊற்றுவதும் இதே வகைதான். மருந்து ரப்பரை ஊதவைக்கும், சில நாளில் ரப்பர் மெத்துமெத்து என்று ஆகிவிடும். வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்கிற வேலை அது. மலையில் ஓட்டுகிற தம்பிக்கு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தம்பி, அடுத்து இரண்டு பாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். லொடக் லொடக் என்று கைக்குத் தெரிந்தால் பேரிங். கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாஃப்ட் ஒரு நூல் அளவு ஆடினாலே சீலின் உதடு ஒரு பக்கம் அழுந்தி, ஒரு பக்கம் விலகும்.

அப்புறம் ஹவுசிங். அளவுக்கு மேல் லோடு ஏற்றி ஓடிய வண்டியில் ஹவுசிங் குழாய் வளைந்துவிடும். இரண்டு பின் டயருக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை, ஆக்சில் உயரத்தில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். டயர் உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வளைந்த ஹவுசிங்கில் எந்தச் சீலும் நிற்காது.

குடியாத்தம்_பிக்அப்

பார்த்தேன் அண்ணா. ஆட்டம் இல்லை, கரகரப்பு இல்லை. டேப் பிடித்ததில் முன்பக்கமும் பின்பக்கமும் அளவு ஒன்றாகவே இருக்கிறது. டயர் சமமாகத் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் என்னதான் மிச்சம்?

ராணிப்பேட்டை_லேத்

ஒரு கேள்வி. இந்தத் தொல்லை ஆரம்பித்தபோது, ஆக்சில் ஷாஃப்ட்டை யாராவது லேத்தில் போட்டார்களா?

குடியாத்தம்_பிக்அப்

ஆமாம் அண்ணா. முதலில் சீல் மாற்றினபோது, சீல் ஓடுகிற இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று இரண்டு ஷாஃப்ட்டையும் லேத்துக்கு அனுப்பி 'பாலிஷ்' செய்து கொண்டுவந்தார்கள். பளபளவென்று இருந்தது.

ராணிப்பேட்டை_லேத்

எனக்கு அங்கேதான் சந்தேகம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இதே வேலையில் இருக்கிறவன், லேத்காரர்கள் செய்கிற வேலைக்கு லேத்காரன்தான் பதில் சொல்ல வேண்டும்.

லேத்தில் ஷாஃப்ட் சுற்றுகிறது, டூல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்கிறது. அப்போது விழுகிற கோடு வட்டமாக இருக்காது, மரை மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். எமரித் தாளை ஒரே பக்கமாக இழுத்துத் தேய்த்தாலும் அப்படித்தான். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும், நகத்துக்கும் தட்டாது. ஆனால் ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை சீலின் உதட்டுக்கு அடியில் ஆயிலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

இனி இடது வலதுக்கு வருவோம். இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே லேத்தில், ஒரே திசையில் டூல் ஓட்டிச் செய்தால் இரண்டிலும் மரை ஒரே சுற்றாக விழும். ஷாஃப்ட்டைத் திருப்பிப் போட்டாலும் மரையின் சுற்று மாறாது, ஒரு போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தால் அது இடது மரை ஆகிவிடுகிறதா? வண்டி முன்னால் ஓடும்போது இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே திசையில்தான் சுற்றுகின்றன. ஆக இரண்டு மரையும் ஆயிலை ஒரே பக்கம் தள்ளும். அந்தப் பக்கம் இடது என்றால், இடது ஷாஃப்ட் ஆயிலை வெளியே டிரம்முக்குத் தள்ளும், வலது ஷாஃப்ட் உள்ளே ஹவுசிங்குக்குத் தள்ளும். அதனால்தான் வலது பக்கம் ஒரு சொட்டு இல்லை.

வலது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அங்கே உதட்டுக்கு வேண்டிய ஆயிலும் சேர்ந்து உள்ளே போய்விடுவதால் சீல் காய்ந்து ஓடும், சூடாகும், கெட்டியாகி விரிசல் விடும். இன்று இல்லாவிட்டால் நாளை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். ஷாஃப்ட்டை லேத்தில் இரு முனையையும் தாங்குகிற கூரான சென்டர் இரண்டுக்கும் நடுவே மட்டமாகக் கட்டி, சீல் ஓடுகிற இடத்தில் லேசாக எண்ணெய் தடவுங்கள். ஒரு நூலை அதன் மேல் தொங்கவிட்டு, கீழே 30 கிராம் அளவு எடை கட்டுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று என்று மெதுவாக ஓட்டுங்கள். நூல் நின்ற இடத்திலேயே நின்றால் நல்லது. ஒரு பக்கம் நடக்க ஆரம்பித்தால், சுற்றைத் திருப்பிப் பாருங்கள். நூலும் திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தால் அது மரை. எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே பக்கம் போனால் ஷாஃப்ட் மட்டமாக இல்லை, அல்லது அந்த இடம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது.

ஆரணி_டிரைவர்

இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறேன், இதை யாரும் சொன்னதில்லை. சேமித்துக்கொண்டேன்.

குடியாத்தம்_பிக்அப்

நூல் சோதனை செய்தாயிற்று. எங்கள் ஊரில் ஒரு லேத்தில் கேட்டதும் அவரே ஆர்வமாகிவிட்டார். கைத்தறி ஊர், நூலுக்குப் பஞ்சமில்லை, பக்கத்து வீட்டுத் தறியிலிருந்தே ஒரு இழை வாங்கி வந்தோம். எடைக்கு ஒரு நட்டைக் கட்டினோம்.

இடது ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டதும் நூல் சக்கரம் பூட்டுகிற முனையான ஃபிளேஞ்ச் பக்கம் நடந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தது. சுற்றைத் திருப்பியதும் அதே வேகத்தில் உள்ளே கியரில் மாட்டுகிற பல் முனையான ஸ்பிளைன் பக்கம் திரும்பி வந்தது. வலது ஷாஃப்ட்டிலும் அதேதான். லேத்காரர் லென்ஸ் கொண்டுவந்து காட்டினார். பளபளப்புக்குள் மெல்லிய சாய்வுக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. அதற்கு நடுவில் பழைய சீல் விட்ட பள்ளமும் முழுசாகப் போகவில்லை, நகத்துக்கு இன்னும் தட்டுகிறது.

இப்போது என்ன செய்வது? அந்த இடத்தில் வெல்டிங் வைத்து, திரும்பக் கடைந்து தருகிறேன் என்று இன்னொருவர் சொல்கிறார்.

காட்பாடி_ஃபிட்டர்

வெல்டிங் வேண்டவே வேண்டாம் தம்பி. உங்கள் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங். சக்கரத்தைச் சுற்றுவதும் அந்த ஷாஃப்ட்தான், வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அந்த ஷாஃப்ட்தான். சூடுபடுத்திப் பதம் ஏற்றிய இரும்பு அது. வெல்டிங் சூட்டில் பக்கத்து இடத்தின் பதம் மாறிவிடும், அங்கிருந்து மெல்ல விரிசல் ஓடும். ஒரு நாள் உடையும்போது சக்கரம், டிரம், அரை ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்து வெளியே வரும். லோடோடு அதைப் பார்த்தவன் நான். லாரியில் இருக்கிற ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் பாரத்தை ஹப் தாங்கும், ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் நிற்கும். உங்களுடையது அப்படி இல்லை.

ராணிப்பேட்டை_லேத்

நானும் அதையே சொல்கிறேன். வெல்டிங் கேட்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வழி இரண்டு. புது ஷாஃப்ட் என்பது ஒன்று, செலவு அதிகம், ஆனால் கேள்வியே இல்லை. இன்னொன்று ரிப்பேர் ஸ்லீவ். எஸ்கேஎஃப் கம்பெனி ஸ்பீடி ஸ்லீவ் என்று விற்கிறது. எவர்சில்வர் தகட்டுக் குழல், சுவர் கனம் 0.28 மி.மீ. மட்டும். அவ்வளவு மெல்லியது என்பதால் பழைய அளவு சீலையே போடலாம். மேல் பரப்பு மரைக் கோடு இல்லாமல் செய்யப்பட்டிருக்கும். ஷாஃப்ட்டின் விட்டத்தைப் பள்ளம் இல்லாத இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்குப் பொருந்துகிற அளவை வாங்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோகம் கலந்த எபாக்ஸி பூசி நிரப்பி, அது இறுகுவதற்குள் ஸ்லீவை ஏற்ற வேண்டும். ஸ்லீவோடு அடிப்பதற்கு ஒரு கப் வரும், ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு அதன் நீளம் பத்தாது. ஸ்பிளைன் பக்கமிருந்துதான் ஏற்ற வேண்டும் என்பதால் நீளமான பைப் ஒன்றைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து போனால் தகடு மடங்கிவிடும், அப்புறம் அது குப்பைக்குத்தான்.

கிரைண்டிங் செய்கிற வசதி இருந்தால், கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே கொடுத்து அரைக்க வேண்டும், அப்போது மரை விழாது. சீல் ஓடுகிற பரப்பின் சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை இருக்கலாம். ரொம்ப வழுவழுப்பும் ஆகாது, உதட்டுக்கு அடியில் ஆயில் படலம் நிற்க ஒரு பிடிப்பு வேண்டும். ஆனால் உங்கள் பள்ளம் போகிற அளவுக்கு அரைத்தால் விட்டம் குறைந்துவிடும். அதனால் உங்களுக்கு ஸ்லீவ்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில ஆக்சிலில் சீல் ஷாஃப்ட் மேல் ஓடாது, பேரிங்கைப் பிடிக்கிற காலர் மேல் ஓடும். அப்படி இருந்தால் காலரை மாற்றினாலே புதுப் பரப்பு கிடைத்துவிடும். கழற்றிய காலரை மட்டும் திரும்ப ஏற்றாதீர்கள், அதன் பிடிப்பு போயிருக்கும்.

குடியாத்தம்_பிக்அப்

இரண்டு பக்கமும் ஸ்லீவ் ஏற்றியாயிற்று. நூல் இப்போது நகரவில்லை. நாளை பூட்டப் போகிறோம். பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

காட்பாடி_ஃபிட்டர்

நிறைய இருக்கிறது, பாதிச் சீல் பூட்டும்போதே செத்துப்போகிறது.

ஹவுசிங் வாயில் சீல் உட்கார்கிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய சீலை உளியால் நெம்பியிருந்தால் கீறல் இருக்கும். மேடு தட்டினால் மெல்ல எமரி போடுங்கள், தூளை உள்ளே விழ விடாதீர்கள். சீலின் வெளிச் சுற்றுக்கு லேசாக சீலன்ட், உதட்டுக்கு அதே கியர் ஆயில். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். சுத்தியலால் ஒரு ஓரம், மறு ஓரம் என்று தட்டவே கூடாது. சீலின் விட்டத்துக்கு ஒரு பழைய பேரிங் ரேஸோ பைப்போ வைத்து நேராக இறக்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது ஸ்பிளைன் முனை புதுச் சீலின் உதட்டை உரசிக்கொண்டு போகும். அங்கே ஒரு சின்னக் கிழிசல் போதும். ஸ்பிளைன் மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஆயில் தடவி விட்டு, உதட்டைத் தாண்டியதும் தாளை இழுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று ஷாஃப்ட்டைக் கிடைமட்டமாகத் தாங்க வேண்டும். அதன் எடை ஒரு நொடிகூட உதட்டின் மேல் உட்காரக் கூடாது. ஸ்பிளைன் உள்ளே கியரில் பிடிக்கிற வரை கையை எடுக்காதீர்கள்.

அப்புறம் ஃபிளேஞ்சில் இருக்கிற துளை வழியாக சாக்கெட் விட்டு, பேக் பிளேட் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். டிரம்மைத் துடைக்கும்போது காற்று அடிக்காதீர்கள், பழைய லைனிங் தூசு நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணி போதும்.

குடியாத்தம்_பிக்அப்

எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தோம். புது ஷூ இரண்டு பக்கமும். சமதரையில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போனேன். தக்காளி முழு லோடு, பத்தலப்பல்லி இறக்கம், நல்ல வெயில் நேரத்திலும் ஒரு முறை வேண்டுமென்றே இறங்கினேன். பேக் பிளேட்டில் புழுதி காய்ந்த புழுதியாகவே இருக்கிறது. பிரேக் நேராகப் பிடிக்கிறது. இரண்டு அண்ணன்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் அம்மா உங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறார், குடியாத்தம் பக்கம் வந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை_லேத்

மகிழ்ச்சி தம்பி. அந்த லேத்காரரிடம் நூலையும் நட்டையும் ஒரு ஆணியில் மாட்டி வைக்கச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

திருப்பத்தூர்_மழைக்காலம்

இதே இழையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வெளியே லீக் இல்லை, ஆனால் ஃபில்லர் பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கிறது. போன வாரம் மழையில் தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்தைக் கடந்தேன்.

காட்பாடி_ஃபிட்டர்

தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இப்படி நிறைய வண்டி பட்டறைக்கு வந்தது.

தள்ளிப் போடாதீர்கள், பேரிங்கும் கிரௌன் என்கிற பெரிய கியரின் பல்லும் துருப்பிடித்துவிடும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, ஆயிலை முழுசாக வடியுங்கள். வடிகால் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் பயமில்லை, செதில் இருந்தால் திறந்து பார்க்க வேண்டும். புது ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டி, நிறம் திரும்ப மங்கினால் இன்னொரு முறை மாற்றுங்கள். பிரீதரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்குகிற ஹோஸை சேசிஸ் உயரத்துக்கு மேலே கொண்டுபோய், அதன் முனையில் பிரீதரைக் கட்டிவிடுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும், அதனால் ஹோஸைக் கொஞ்சம் தொய்வாக விட்டுக் கட்டுங்கள்.